சாணக் குவியலில் கரி: நெடி அடங்கி, சத்துள்ள எரு கிடைக்க முழுமையான வழிகாட்டி

வடசென்னையில் கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ மாடு கட்டியிருக்கிற சந்துக்குள் விடியற்காலையில் நுழைந்தால் கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி வரும். தினமும் பாலுக்குப் போகிறவர்களுக்கு அது பழகிப்போயிருக்கும். அம்மோனியாதான் அது. சாணத்திலும் கோமியத்திலும் இருக்கிற தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அப்படி வாயுவாகிப் பறக்கிறது. செடிக்குப் போக வேண்டியது நம் மூக்குக்குள் போகிறது. சாணத்தை மூலையில் குவித்துப் போட்டு, ஆறு மாதம் கழித்து ‘தொழு உரம்’ என்று அள்ளும்போது அதன் தழைச்சத்தில் பாதிகூடக் காணாமல் போயிருக்கும்.

இதைப் பிடித்து நிறுத்த மரக்கரி உதவும். பயோசார் என்றும் உயிர்க்கரி என்றும் இப்போது பெரிய பெயரில் விற்கிறார்கள். நான் இந்த வழிகாட்டி முழுக்கக் கரி என்றே சொல்கிறேன். கிராமத்து வீடுகளில் அடுப்பு வாரும்போது கரியையும் சாம்பலையும் எருக்குழியில்தான் கொட்டுவார்கள். காரணம் தெரிந்து செய்தார்களோ இல்லையோ, கரி போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

என் வீடு திருவொற்றியூரில். மொட்டைமாடியில் தொட்டிச் செடிகள். மாதவரம் பக்கம் சித்தப்பா வீட்டில் மூன்று கறவை மாடுகள். நான்கு வருடமாக அந்தக் கொட்டகைச் சாணத்தில்தான் இதைச் செய்துவருகிறேன். தப்பாகச் செய்து கற்றதும் இதில் உண்டு.

கரி என்ன செய்கிறது

மரத்தையோ சிரட்டையையோ காற்று போதாமல் சுட்டால் எரிந்து சாம்பலாகாமல் கரியாக நிற்கும். சுமார் 350 முதல் 700 டிகிரி வரை சூடு ஏறி, மரத்திலிருந்த எண்ணெயும் வாயுவும் போய், கார்பன் எலும்புக்கூடு மட்டும் மிஞ்சுகிறது. உள்ளே முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஒரு சிட்டிகைக் கரியைப் பிரித்து விரித்தால் ஒரு பெரிய ஹாலின் தரையை மூடிவிடும் என்கிற அளவுக்கு உட்பரப்பு.

இதைச் சாணத்தோடு கலந்தால் மூன்று வேலை நடக்கிறது. ஒன்று, ஈரச் சாணம் களி மாதிரி ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் காற்று போக வழி கிடைக்கிறது. காற்று கிடைத்தால் நல்ல நுண்ணுயிர்கள் வேலை செய்யும், குவியல் சூடாகும். காற்று கிடைக்காத இடத்தில்தான் அழுகல் நாற்றமும் மீத்தேனும் வருகின்றன. இரண்டு, அம்மோனியம் என்கிற வடிவில் இருக்கும் தழைச்சத்தைக் கரியின் பரப்பு பிடித்துக்கொள்கிறது. மூன்று, நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறுவது குறைகிறது. கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வலுவாகப் பூமியைச் சூடாக்கும் வாயு அது.

இதில் பலர் தவறவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. கரி உரம் கிடையாது. அதில் செடிக்கு வேண்டிய தழைச்சத்து ஏறக்குறைய ஒன்றுமில்லை. புதுக் கரியை நேராகத் தொட்டி மண்ணில் கலந்தால் அது மண்ணில் இருக்கிற சத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். செடி சில வாரம் வெளிறி நிற்கும். என் மாடியில் ஒரு வரிசை வெண்டைக்கு இது நடந்தது. 2015-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் கினோவா என்கிற தானியச் செடியை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வெறும் கரி போட்ட தொட்டியில் வளர்ச்சி குறைந்தது. எருவோடு சேர்ந்து மக்கிய கரியைப் போட்ட தொட்டியில் வளர்ச்சி சுமார் மூன்று மடங்கானது. மக்கும்போது கரி, தழைச்சத்தின் இன்னொரு வடிவமான நைட்ரேட்டை உள்ளே வாங்கி வைத்து, பிறகு மெதுவாக விடுகிறது. குவியலுக்குள் கிடக்கும் நாட்களில் கரித் துளைகளின் மேல் மெல்லிய அங்ககப் பூச்சு ஒன்று படிகிறது என்று 2017-ல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. அந்தப் பூச்சுதான் சத்தையும் ஈரத்தையும் பிடித்து வைக்கிறது.

அதனால் கரியைக் கடைசியில் தூவினால் பாதிப் பயன்தான். முதல் நாளே சாணத்தோடு கலக்க வேண்டும். அம்மோனியா அதிகம் பறப்பது குவியல் சூடேறும் முதல் இரண்டு வாரத்தில்தான்.

படி 1: கரி எங்கே கிடைக்கும், எதைத் தொடவே கூடாது

கரி வாங்கப் போகிறேன் என்று வடசென்னையில் சொன்னால் “ஆட்டுத்தொட்டிக்கா?” என்று கேட்பார்கள். ஆட்டுத்தொட்டி என்பது ஆடு வெட்டும் இடம்; கரியும் கறியும் இங்கே ஒரே உச்சரிப்புதான். விறகுத்தொட்டி என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இஸ்திரிக் கடைக்கும் டீக்கடைக்கும் கரி விற்கும் இடங்களில் மூட்டைக்கு அடியில் தூளும் குருணையுமாக நிறைய தங்கும். அடுப்புக்கு அது உதவாது, காற்றில் பறக்கும். நமக்கோ அதுதான் வேண்டும். பெரிய கட்டி வாங்கி இடிக்கிற வேலை மிச்சம். முழுக் கரி விலையில் ஒரு பங்குக்குத் தருவார்கள், சில கடையில் சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். பெரும்பாலும் சவுக்கு, சீமைக்கருவேலம், எப்போதாவது சிரட்டை. மூன்றும் நல்லவை. மணலும் கல்லும் கலந்திருக்கும், சலித்துக்கொள்ள வேண்டியதுதான்.

செங்குன்றம் அரிசி ஆலைகளிலிருந்து உமிக்கரி கிடைக்கும். இங்கே நிறத்தைப் பார்க்க வேண்டும். கறுப்பாக இருந்தால் கரி. சாம்பல் நிறத்திலோ வெள்ளையாகவோ இருந்தால் எரிந்து தீர்ந்த சாம்பல். உமியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. வெள்ளைச் சாம்பலை அள்ளிப் போட்டால் குவியலின் காரத்தன்மை ஏறும். காரம் ஏறினால் அம்மோனியம் வாயுவாக மாறிப் பறக்கும். எதைத் தடுக்க இறங்கினோமோ அதுவே நடக்கும்.

சாம்பல் என்றதும் எண்ணூர் ஞாபகம் வரும். அனல் மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலுக்கும் இந்தக் கரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது செங்கல்லுக்குப் போகட்டும், எருவுக்கு வேண்டாம்.

தொடவே கூடாதவை இன்னும் சில, எல்லாம் நம் பகுதியில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. காசிமேட்டில் உடைக்கும் பழைய படகு மரம் விலை மலிவு, நன்றாக எரியும். ஆனால் அதில் பாசி பிடிக்காமல் இருக்க அடித்த பெயின்ட் உண்டு, உப்பு ஊறியிருக்கும். உப்பேறிய மரத்தைச் சுடும்போது டையாக்சின் என்கிற நச்சு உருவாகும். கரி செய்யவும் வேண்டாம், அடுப்பில் வைக்கவும் வேண்டாம். துறைமுகத்துப் பக்கம் கிடைக்கும் சரக்குப் பலகைகளில் முத்திரை பாருங்கள்: ‘எச்.டி.’ (HT) என்று இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, பரவாயில்லை. ‘எம்.பி.’ (MB) என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, விட்டுவிடுங்கள். பிளைவுட், பாலிஷ் போட்ட மரச்சாமான், குப்பைமேட்டில் எரிந்து கிடக்கும் கறுப்புத் துண்டு எதுவும் சேராது. பார்பிக்யூவுக்கு அச்சில் அழுத்தி விற்கிற கரிக்கட்டியிலும் ஒட்டுப்பசையும் வேறு பொருட்களும் இருக்கும்.

நீங்களே சுட வேண்டுமா? என்னைக் கேட்டால், நெருக்கமான தெருவில் வேண்டாம். இந்தப் பக்கத்துக் காற்றில் ஏற்கெனவே இருப்பது போதும், அக்கம்பக்கத்தாரோடு சண்டையும் வரும். மீஞ்சூர், புழல் பக்கம் இடமிருப்பவர்கள் குழி முறையில் செய்யலாம். ஒரு மீட்டர் வாய் அகலம், இரண்டடி ஆழத்தில் கூம்பு மாதிரி ஒரு குழி. அடியில் சுள்ளி வைத்துப் பற்றவைத்து, கொழுந்து விட்டதும் காய்ந்த கொம்புகளை மெல்லிய அடுக்காகப் போடுங்கள். மேலே வெள்ளைப் படலம் தெரியத் தொடங்கியதும் அடுத்த அடுக்கு. மேலே இருக்கும் தீ, காற்றைக் கீழே போகவிடாது, புகையையும் எரித்துவிடும். அதனால் கீழே இருப்பது சாம்பலாகாது. ஈர விறகு போட்டால் மட்டும் புகை கிளம்பும். குழி நிரம்பியதும் பத்துப் பன்னிரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் கிளறி மறுபடி ஊற்ற வேண்டும். நூறு கிலோ காய்ந்த விறகுக்கு இருபது கிலோ கரி வந்தால் நல்ல கணக்கு. ஒருநாள் முழுக்க வெளியில் கிடந்து குளிர்ந்த பிறகே மூட்டை கட்டுங்கள். அணைந்த மாதிரி இருக்கிற கரி ராத்திரியில் மறுபடி கனன்று கொட்டகைக் கூரையைப் பிடித்துவிடும். மூடிய அறைக்குள் சுடுவதோ கனலோடு வைப்பதோ உயிருக்கே ஆபத்து.

படி 2: கரியைச் சோதித்துத் தயார்செய்தல்

ஒரு துண்டை உள்ளங்கையில் தேயுங்கள். வெறும் தண்ணீரில் கழுவினால் போய்விட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒட்டி, சோப்பு கேட்டால் உள்ளே தார் தங்கியிருக்கிறது, சரியாக வேகவில்லை. சிமென்ட் தரையில் போட்டால் கண்ணாடி மாதிரி ‘கிணிங்’ என்று சத்தம் வருவது நன்றாக வெந்த கரி. மொத்தென்று விழுந்தால் இன்னும் மரம்தான்.

அளவு: மிளகு முதல் சுண்டைக்காய் வரை கலந்து இருக்கட்டும். முழுக்க மாவாக இருந்தால் காற்றோட்டம் கிடைக்காது, பெரிய கட்டியாக இருந்தால் உள்பரப்பு வீண். கோணிப்பையில் போட்டுக் கட்டி, மேலே தண்ணீர் தெளித்து, உலக்கையாலோ கட்டையாலோ அடித்தால் போதும். காய்ந்த கரியை இடிக்காதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. மூக்கில் துணி கட்டிக்கொள்வதும் நல்லது.

அப்புறம் ஊறவைத்தல். டிரம்மில் கரியைப் போட்டு, ஒரு பங்கு கோமியத்துக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து, மூழ்கும்வரை ஊற்றி ஒருநாள் விடுங்கள். கரி முதலில் மிதக்கும், துளைகளில் நீர் ஏற ஏற அடங்கும். சாம்பல் அதிகம் கலந்த கரியாக இருந்தால் வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசிக் கொட்டிவிட்டுப் பிறகு கோமியத்தில் ஊறவையுங்கள். சூடாக இருக்கும் கரியில் கோமியம் ஊற்றுகிறவர்கள் உண்டு. மேலே கிளம்பும் நெடியை ஒருமுறை முகர்ந்தால் ஏன் கூடாது என்று புரியும்.

படி 3: கணக்கு, என் முதல் குவியல் கெட்டுப்போன இடம்

பத்து சதவீதம் கரி சேர்க்கலாம் என்று எங்கும் எழுதியிருக்கும். நானும் அப்படியே 260 கிலோ கலவைக்கு 26 கிலோ கரி போட்டேன். குவியல் 45 டிகிரியைத் தாண்டவே இல்லை. இரண்டு மாதம் கழித்தும் வைக்கோல் வைக்கோலாகவே கிடந்தது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, வைக்கோலை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். அது திட்டு வாங்குவதைவிட மோசம்.

தப்பு என்னவென்றால், அந்தப் பத்து சதவீதம் உலர் எடைக்குச் சொன்னது. அன்றன்று விழுந்த சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் நான் போட்டது கிட்டத்தட்ட 25 சதவீதம். கரி யாருக்கும் தீனி ஆகாது, எந்த நுண்ணுயிரும் அதைத் தின்று சூடு கிளப்பாது. கால்வாசி குவியல் கல் மாதிரி சும்மா கிடந்தால் எப்படிச் சூடாகும்?

இப்போது நான் போடுகிற அளவு இது. ஒரு மாடு நாளைக்கு 10 முதல் 15 கிலோ சாணம் போடும். மூன்று மாட்டுச் சாணத்தைச் சேர்த்தால் ஒரு வாரத்துக்குள் 200 கிலோ சேர்ந்துவிடும். நிழலில் பரப்பி ஈரத்தை லேசாக இறக்குகிறேன். இதற்கு 60 கிலோ காய்ந்த சருகும் வைக்கோலும், 10 கிலோ கரி (ஊறவைக்கும் முன் எடை). தராசு இல்லையென்றால், இடித்த மரக்கரி 10 கிலோ என்பது சுமாராக 40 லிட்டர், அதாவது இரண்டு பெயின்ட் வாளி. உமிக்கரி லேசானது, அதே எடைக்கு நான்கு வாளிவரை வரும். இதில் பாதி கரி கிடைத்தாலும் பலன் தெரியும். கூட்டினால் பலன் கூடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

கார்பன்–நைட்ரஜன் விகிதம் (ஒரு பங்கு நைட்ரஜனுக்கு எத்தனை பங்கு கார்பன் என்ற கணக்கு) 25 முதல் 30-க்குள் இருக்க வேண்டும் என்பது உரம் போடுகிற எல்லோருக்கும் தெரியும். மேலே சொன்ன கலவை, சருகு அதிகமாக இருந்தால் 30 அருகே வரும். வெறும் வைக்கோல் என்றால் 35-ஐத் தொடும், அப்போது கோமியம் கொஞ்சம் கூடுதலாகத் தெளியுங்கள். கரியும் கார்பன்தானே என்று இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அது மக்காத கார்பன், கணக்கில் வராது. கரி போட்டதால் சருகைக் குறைப்பது அடிக்கடி நடக்கும் தப்பு.

படி 4: குவியல் போடுதல்

குறைந்தது ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் வேண்டும். அதைவிடச் சிறிதானால் சூடு தங்காது. மேலே சொன்ன அளவு சரியாக அந்த ஒரு கன மீட்டருக்குப் போதும். தரை கொஞ்சம் மேடாக இருக்கட்டும். அடியில் சுள்ளியோ தென்னை மட்டையோ ஒரு சாண் பரப்பினால் கீழிருந்து காற்று ஏறும்.

அடுக்கடுக்காகப் போடுவதா, கலந்து போடுவதா? படம் போடும்போது அடுக்கு அழகாக இருக்கும். கரி விஷயத்தில் கலப்பதுதான் சரி. ஒவ்வொரு சாணத் துணுக்குக்குப் பக்கத்திலும் ஒரு கரித் துணுக்கு இருந்தால்தானே வெளியேறும் அம்மோனியாவைப் பிடிக்கும்? தார்ப்பாயில் ஐந்து அன்னக்கூடை சாணம், மேலே சருகு, மேலே கரி என்று கொட்டி மண்வெட்டியால் புரட்டி, குவியலில் சேர்த்து, அடுத்த ஐந்து கூடை. இடுப்பு வலிக்கும், வேறு வழியில்லை. பழைய எரு இரண்டு கூடை கலந்தால் சீக்கிரம் சூடேறும். கடைசியில் மேலே ஒரு கை அளவு சருகும் கொஞ்சம் கரித்தூளும் போர்த்துங்கள். ஈயும் நெடியும் அங்கேயே நிற்கும்.

ஈரம்: ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும். ஒழுகினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடலோரத்தில், குறிப்பாக மீஞ்சூர் முதல் திருவொற்றியூர் வரை, பல போர் தண்ணீர் உப்பு. மீஞ்சூர் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுப் பிரச்சினை. குவியலில் ஊற்றும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கும். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கூடிக்கொண்டே போகும். கீரை விதை முளைத்து நுனி கருகுவதற்கு இதுவே காரணமாகிவிடும். அரிசி கழுவிய தண்ணீர், மழைநீர், இல்லாவிட்டால் மெட்ரோ வாட்டர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். கரி ஈரத்தைப் பிடித்து வைப்பதால் தண்ணீர்த் தேவையும் குறையும்.

படி 5: சூடும் புரட்டலும்

ஓரடிக்கு மேல் நீளமுள்ள வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவித் தொடுங்கள். கையில் பிடித்திருக்க முடியாத சூடு என்றால் 55 டிகிரி அருகில் இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் அங்கே வந்துவிட வேண்டும். 55 முதல் 65 வரை நல்ல இடம். நோய்க் கிருமிகளும் களை விதைகளும் சாவது இந்தச் சூட்டில்தான். 70-ஐத் தாண்டினால் நமக்கு வேண்டிய நுண்ணுயிர்களும் செத்துவிடும், உடனே புரட்டுங்கள்.

நான் புரட்டுவது 4, 8, 12, 16, 21-ஆம் நாட்களில், பிறகு பத்து நாளைக்கு ஒருமுறை. வெளிப்பக்கம் உள்ளே, உள்பக்கம் வெளியே போகிற மாதிரி. எல்லாப் பகுதியும் ஒருமுறையாவது சூட்டில் கிடந்தாக வேண்டும், திறந்தவெளிக் குவியலில் அந்தச் சூடு இரண்டு வாரமாவது நிற்க வேண்டும்.

இந்த நாட்களில் மூக்குதான் கருவி. கண்ணைக் கரிக்கும் நெடி வந்தால் தழைச்சத்து ஓடுகிறது. சருகும் ஒரு வாளி ஊறிய கரியும் சேர்த்துப் புரட்டுங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஈரம் அதிகம், காற்று இல்லை. அப்போது காய்ந்த சருகுதான் மருந்து. ஒரு வாசனையும் இல்லை, சூடும் இல்லை என்றால் காய்ந்துவிட்டது அல்லது சாணம் போதவில்லை.

புரட்டும்போது வெள்ளையாக, கட்டைவிரல் தடிமனில், வளைந்து கிடக்கும் புழுக்கள் கண்ணில் படலாம். பல சமயம் அவை காண்டாமிருக வண்டின் புழுக்கள். வளர்ந்து தென்னைக் குருத்தைக் குடையப் போகிறவை. பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். சூடான குவியலில் இவை தங்காது. ஆறு மாதம் புரட்டாமல் கிடக்கும் குளிர்ந்த சாணம்தான் அவற்றின் மாமியார் வீடு.

கோழி, புறா, ஆடு

கோழி எச்சத்தில் தழைச்சத்து மிக அதிகம், கார்பன்–நைட்ரஜன் விகிதம் பத்து அருகில்தான். அம்மோனியா பறப்பதும் அதிகம், ஆகவே கரி அதிகம் உதவுவதும் இங்கேதான். எச்சத்தின் எடைக்குச் சமமாகவோ கூடுதலாகவோ மரத்தூளோ சருகோ சேர்த்துக்கொண்டு, கரியை உலர் எடையில் பத்து சதவீதம் முழுசாகப் போடுங்கள். கூண்டுக்கு அடியிலேயே ஊறாத கரித்தூளைத் தூவி வைத்தால் சேகரிக்கும்போதே பாதி வேலை முடிந்திருக்கும்.

வடசென்னை மாடிகளில் புறா இல்லாத தெரு ஏது? பந்தயப் புறா வளர்க்கும் தம்பிகள் மூட்டை மூட்டையாக எச்சத்தைக் குப்பையில் கொட்டுகிறார்கள். கோழி எச்சம் மாதிரியே இதையும் நடத்தலாம். ஒரே ஒரு கண்டிப்பு: காய்ந்த எச்சத்தைக் கூட்டிப் பெருக்கும் தூசியில் நுரையீரலைப் பிடிக்கும் கிருமிகள் இருக்கும். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு அள்ளுங்கள். வீட்டில் ஆஸ்துமா இருந்தால் அந்த வேலையே வேண்டாம்.

ஆட்டுப் புழுக்கை கெட்டியானது, நசுக்கி நனைத்துக் கலந்தால் போதும். மற்றதெல்லாம் மாட்டுச் சாணம் மாதிரிதான்.

மழைக்காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை குவியல் போடுவதானால் கூரை கட்டாயம். மழை நனைத்தால் சூடு போய்விடும், நைட்ரேட் கரைந்து சாக்கடையில் ஓடும். தார்ப்பாயை நேராக மூடாமல் நான்கு கம்பு நட்டு மேலே ஓரடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள், குவியலும் மூச்சு விட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் குவியல் ஒன்று தண்ணீரில் மிதந்தது. அதைக் காய்கறிக்குப் போடவில்லை, வேலியோரத்து வேப்பங்கன்றுக்குப் போட்டோம். வெள்ளத்தில் மூழ்கிய எருவில் என்ன கலந்தது என்று யாரால் சொல்ல முடியும்? அதற்குப் பிறகு செப்டம்பரிலேயே பெரிய குவியலை முடித்து மூட்டை கட்டிவிடுகிறோம்.

படி 6: மக்கிவிட்டதா?

நம் ஊர் வெயிலில் இரண்டு மாதத்தில் சூடு அடங்கும். புரட்டிய பிறகும் சூடேறவில்லை என்றால் அது முதல் அடையாளம். உடனே அள்ளாமல் இன்னும் மூன்று நான்கு வாரம் நிழலில் ஆறப்போடுங்கள். நைட்ரேட் உருவாவதும் கரி அதை வாங்கிக்கொள்வதும் பெரும்பாலும் இந்த ஆறும் காலத்தில்தான். இந்த ஒரு மாதத்தை அவசரத்தில் விழுங்கினால் கரி போட்டதன் நல்ல பங்கு போய்விடும்.

ஒரு கைப்பிடி எருவை ஈரமாக்கி பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறந்தால் முதல் மழைக்கு நனைந்த மண் வாசனை வந்தால் சரி. அம்மோனியாவோ புளிப்போ அடித்தால் இன்னும் விட வேண்டும். அடுத்து, ஒரு கிண்ணத்தில் எரு, இன்னொன்றில் சாதாரண மண், இரண்டிலும் பத்துப் பத்துப் பச்சைப்பயறு. முளைப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும். எருக் கிண்ணத்தில் மட்டும் தாமதமானாலோ வேர்நுனி பழுப்பானாலோ உப்போ அரைகுறை மக்கலோ இருக்கிறது.

படி 7: போடும் அளவு

மாடித் தொட்டிக்கு நான்கு பங்கு மண், ஒரு பங்கு இந்த எரு. கோழி எருவானால் எட்டுக்கு ஒன்று. திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்து மணல் தரையில் தண்ணீரும் சத்தும் நிற்பதே கிடையாது, அங்கேதான் கரி கலந்த எருவின் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ மேல்மண்ணில் கலந்தால், கீரைப் பாத்திக்கு இரண்டு வேளைத் தண்ணீரில் ஒரு வேளையை விட்டாலும் வாடுவதில்லை. மாதவரம், மணலிப் பக்கத்துக் களிமண்ணில் தண்ணீர் விஷயத்தில் இவ்வளவு பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள், மண் கொஞ்சம் பொலபொலக்கும், அவ்வளவுதான். தொழிற்சாலைக்குப் பக்கத்து மண்ணில் ஈயம் போன்ற உலோகம் இருக்குமோ என்று சந்தேகமானால், கரி அதைச் சரிசெய்துவிடும் என்று நம்பிக் கீரை போட வேண்டாம். தொட்டியில் வேறு மண் கொண்டுவந்து வளர்ப்பதே நல்லது.

மூட்டை கட்டுமுன் அரை அங்குலச் சல்லடையில் சலியுங்கள். மேலே சுள்ளியும், மக்காத வைக்கோலும், சுண்டைக்காயைவிடப் பெரிய கரித்துண்டுகளும் தங்கும். தூக்கி எறியாமல் அப்படியே ஒரு கோணியில் போட்டு வையுங்கள். சத்து ஏறி, நுண்ணுயிர் குடியேறிய கரி அது. அடுத்த குவியலில் பத்து கிலோவுக்குப் பதில் ஏழு கிலோ புதுக்கரி போட்டு மீதிக்கு இதைச் சேர்த்தால், குவியல் ஒருநாள் முந்திச் சூடேறுகிறது.